மணிக்கட்டில் ஓர் அழுகை

அதிர்ந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா. கழுவிக்கொண்டிருந்த பால்புட்டியை வைத்துவிட்டு இடது மணிக்கட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். கறுப்புப் பட்டை சும்மாதான் கிடக்கிறது. ஆனாலும் அதற்குக் கீழே தோலில் ஒரு குறுகுறுப்பு மிச்சம் இருக்கிற மாதிரி, எதுவோ இப்போதுதான் ஓடி நின்ற மாதிரி இருக்கிறது. இருக்காது. போன தடவையும் இப்படித்தான் தோன்றியது, அதற்கு முந்தின தடவையும். எதற்கும் பார்த்துவிடுவோம் என்று விரலில் சோப்பு நுரையோடு அடுப்படியிலிருந்து அறைக்குப் போகிறேன். ரூபன் தூங்குகிறான். ஸ்பிரிங் தொட்டிலில் என் பழைய சேலை அவன் கிடக்கிற இடத்தில் மட்டும் கனத்துத் தொங்குகிறது. சேலையை விலக்கி எட்டிப் பார்க்கிறேன். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, மேலுதட்டின் நடுவில் பால் குடித்துக் குடித்து வந்த சின்னக் கொப்புளம். நெஞ்சு ஏறி இறங்குகிறதா. ஏறுகிறது. இறங்குகிறது. இன்னொரு தடவை ஏறட்டும், போய்விடலாம். ஏறியது. இன்னும் ஒன்று. இப்படியே நின்றால் புட்டியை யார் கழுவுவது, சாயங்காலம் மதினி வருவதற்குள் வீட்டை ஒதுக்க வேண்டும், நானும் குளிக்க வேண்டும், காலையிலிருந்து மேலெல்லாம் பால் வாடை. பிள்ளை பிறந்ததிலிருந்து ஆசீர் தன் செல்போன் கடையைப் பாதிநாள் திறந்து பாதிநாள் மூடி என்னோடு இருந்தார். இன்றைக்குத்தான் முழுநாளும் போயிருக்கிறார். இன்றைக்குத்தான் இந்த வீட்டில் நானும் ரூபனும் மட்டும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், தொட்டில் கம்பியில் கட்டி வைத்த ஒரு வெள்ளைப் பெட்டி.

அந்தப் பெட்டிக்கு ஆசீர் வைத்த பெயர் காது. பிள்ளை அழுதால் காது அதைக் கேட்டு என் மணிக்கட்டுப் பட்டைக்கு அனுப்பும், பட்டை அதிரும், நான் ஓட வேண்டும். எங்கிருந்தோ வரவழைத்து, பிரித்து, உள்ளே என்னவோ செய்து, அதிர்வைக் கூட்டி வைத்திருக்கிறார். முதல் வாரம் அது எல்லாவற்றையும் கேட்டது. குக்கர் விசிலுக்கு அதிர்ந்தது. ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்காவுக்கு அதிர்ந்தது. ஆசீர் தும்மினதற்கு அதிர்ந்து நான் பாத்ரூமிலிருந்து பாவாடையோடு ஓடிவந்தேன், அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நான்தான் நான்தான் என்று கையை ஆட்டினார். சிரித்துச் சிரித்து வயிற்றுத் தையல் வலித்தது. உலகத்தில் இத்தனை சத்தம் இருக்கிறது என்று அந்தப் பட்டை சொல்லித்தான் எனக்கு மறுபடி தெரிந்தது. இன்னும் என்னென்னவோ இருக்கிறது வீட்டில். நெற்றிக்கு நேரே பிடித்தால் காய்ச்சல் காட்டுகிற கருவி, ஆவியில் புட்டி சுடுகிற எந்திரம், குடை மாதிரி விரிகிற கொசுவலை. நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்துப் பிள்ளைகள் எல்லோருமாகச் சேர்ந்து ஓர் உருண்டைப் பெட்டி வாங்கி வந்தார்கள், பிள்ளை தூங்குவதற்கு மழைச் சத்தம் போடுமாம். கொடுத்த பிறகுதான் யாரிடம் கொடுத்தோம் என்று அவர்களுக்கு உறைத்தது, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பாவம். நான் அதன் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மெதுவாக, ஒரே சீராக, பூனை வயிறு மாதிரி. மழைதான் என்றேன். மழை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத் தகரக் கூரையில் பெய்கிற மழை, டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மழை.

நான்காம் வகுப்பு வரைக்கும் எல்லாம் கேட்டது. பிறகு மூளைக்காய்ச்சல். கண்ணை விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மாவின் வாய் திறந்து திறந்து மூடியது, சத்தமே இல்லை. அம்மா ஏன் விளையாடுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. சத்தமாப் பேசு என்று நான் சொன்னதும் எனக்கே கேட்கவில்லை, அப்போதுதான் பயந்தேன். வலது காது முழுசாகப் போய்விட்டது. இடதில் மிஷின் மாட்டினால் ஏதோ கொஞ்சம் வரும், பஸ்ஸும் மிக்ஸியும் மனுஷக் குரலும் ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கின மாதிரி. உதட்டைப் பார்த்துத்தான் நான் பேச்சைப் பிடிக்கிறேன். அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை. உதடு இருக்கிறவர்கள் எல்லோரும் என்னோடு பேசலாம், திரும்பிக்கொண்டால் மட்டும் பேச முடியாது. வேலையில் மைக்ராஸ்கோப்புக்குக் காது வேண்டாம். கல்யாணத்துக்கும் வேண்டியிருக்கவில்லை. ஆசீர் என்னிடம் முதலில் சொன்னதே, போனை ரிப்பேருக்கு வாங்கிக்கொண்டு, உங்க மிஷின்ல பேட்டரி கதவு உடைஞ்சிருக்கு, அதையும் குடுங்க, என்பதுதான். இந்த ஒரு சின்ன உயிர் வந்துதான் காதைக் கொண்டா என்கிறது. ரூபன் அழுகிற சத்தம் எப்படி இருக்கும். மிஷின் வழியாக வருகிறது, தூரத்தில் எங்கேயோ மோட்டார் ஓடுகிற மாதிரி, ஆனால் என் பிள்ளை மோட்டார் மாதிரியா அழுவான். ஆசீரிடம் கேட்டேன். யோசித்து, கொஞ்சம் ஆட்டுக்குட்டி மாதிரி, கொஞ்சம் கதவு மாதிரி என்றார். நான் ஆட்டுக்குட்டியை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். எண்ணெய் போடாத கதவை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். இரண்டையும் சேர்க்க முடியவில்லை.

மதினி இன்றைக்கு வருகிறார். எமிமா மதினி, ஆசீருடைய அக்கா. தூத்துக்குடியில் இருக்கிறார். ஆசீருக்குத் தாய் இல்லாமல் போனபோது மதினிதான் சோறூட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது. மதினியின் பையன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில். மதினி வீட்டுக்காரர், அண்ணாச்சி, துறைமுகத்து வேலையிலிருந்து ரிட்டயராகிப் பேப்பரும் கையுமாக இருக்கிறார். நல்ல மனுஷி, அதுதான் கஷ்டமே. கெட்டவர்களாக இருந்தால் எதிர்த்துப் பேசிவிடலாம். போன வாரம் வீடியோவில் வந்து, எனக்குப் புரியவேண்டும் என்று உதட்டை நன்றாக அசைத்து அசைத்துச் சொன்னார். நீயும் பிள்ளையும் இங்க வந்துருங்க, அவன் நடக்கிற வரைக்கும் இருங்க, ஆசீர் வாரா வாரம் வரட்டும், ராத்திரி பிள்ளை என் பக்கத்தில் கிடக்கட்டும், நீ நிம்மதியா தூங்கு. பிறகு போனைத் திருப்பி ஓர் அறையைக் காட்டினார். புதுசாகச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்கு மஞ்சளில் திரை போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தொட்டில். தொட்டில் மதினி படுக்கிற பக்கத்தில் இருந்தது. நான் அதைத்தான் பார்த்தேன். ஆசீரிடம் கேட்டால், உனக்கு எது சரின்னு படுதோ அப்படியே செய்வோம் என்கிறார். வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். போ என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டும் சொல்லாமல் என் கையில் வைத்துவிட்டார், நான் அதைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கத் திரிகிறேன். பையை எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். அதில் ரூபனின் சட்டைகளை வைத்தேன், எடுத்தேன், நேற்று மறுபடி வைத்தேன். மதினி சொல்வதில் என்ன தப்பு. அவருக்குக் காது கேட்கும். பிள்ளை முனகினாலே எழுந்துவிடுவார். என்னால் முடியாததை ஒருத்தர் செய்கிறேன் என்கிறபோது பிடிக்காமல் போவதற்கு நான் யார். அவனுக்காகத்தானே. அவனுக்காக என்றால் அந்தச் சட்டைகளை நான் ஏன் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன்.

புட்டிகளைக் கழுவி, சுடுகிற எந்திரத்தில் வைத்து, அதில் விளக்கும் மாறிவிட்டது. சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, காது மிஷினைக் கழற்றி அலமாரியில் வைக்கிறேன். அதற்குத் தண்ணீர் ஆகாது, பட்டைக்கு ஆகும். பட்டை இருக்கிறது, போதும். பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்துகிறேன். தலையில் முதல் செம்பு விழுந்தபோது தோள் இரண்டும் தானாக இறங்கின, இத்தனை நேரம் அவற்றைத் தூக்கி வைத்துக்கொண்டா நின்றேன். இரண்டாவது செம்பு. இடது கையை மட்டும் தள்ளியே வைத்திருக்கிறேன், தண்ணீர் அடிக்கிறது எது, பட்டை அடிக்கிறது எது என்று குழம்பக் கூடாது. அதிரவில்லை. முதுகு தேய்க்கிறேன். அதிரவில்லை. நல்ல பிள்ளை, அம்மா குளிக்கட்டும் என்று தூங்குகிறான். தலைக்குச் சீயக்காய் போட்டு எத்தனை நாளாயிற்று, போடுவோமா, போடுவோம். விரல் நுனியால் தலையை அழுத்தித் தேய்க்கும்போது உள்ளுக்குள் ஒரு சத்தம் எழும், மண்டை ஓட்டின் சத்தம், அது எனக்குக் கேட்கிற மாதிரி இருக்கும். மார்பில் பால் கட்டி இரண்டு பக்கமும் சொட்டுகிறது. பசிக்கிற நேரம்தான், எழுந்துவிடுவான், எழுந்தால் அதிரும். அதிரட்டும் என்று இன்னொரு செம்பு. சுகமாக இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ரொம்பச் சுகமாக இருந்தது.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அறைக்கு வந்தேன். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் ஆட்டாமல் தொட்டில் ஏன் ஆடுகிறது என்று ஒரு நொடி நினைத்தேன், முட்டாள் மாதிரி அதைத்தான் நினைத்தேன். சேலையை விலக்கினால் அவன் முகம் கறுத்துச் சிவந்து, வாய் முழுக்கத் திறந்து, நாக்கு நடுங்குகிறது. கைகள் இரண்டும் முறுக்கி உதறுகின்றன. கண்ணீர் வழிந்து ஓடி இரண்டு காதுக்குள்ளும் போய்த் தேங்கி நிற்கிறது. பிள்ளையின் காதுக்குள் கண்ணீர். தூக்கி மார்போடு சேர்த்தபோது உடம்பெல்லாம் வேர்வை, உள்ளே விக்கி விக்கி இழுக்கிறான், அழுது முடித்துவிட்டு விக்குகிற விக்கல் அது, இப்போது ஆரம்பித்த அழுகை இல்லை. எவ்வளவு நேரம். மணிக்கட்டைப் பார்க்கிறேன், சும்மா கிடக்கிறது. காதுப்பெட்டியைப் பார்க்கிறேன், அதில் பச்சை விளக்கு இல்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போகிறேன், அது எங்கே போகிறது, அடுப்படி வாசல் பக்கத்து எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குப் போகிறது. சுவரில் பிளக் ஆடுகிறது என்று நேற்று ஆசீர் அதில்தான் மாற்றிச் சொருகினார். என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். அதே பெட்டியின் சுவிட்சைத்தான் புட்டி சுட்டு முடிந்ததும் அணைத்தேன். கை அணைத்தது, அது பழக்கம். எந்திரத்தின் மேல் குற்றம் இல்லை. ஆசீர் மேல் இல்லை. என் கைதான். முதுகு தேய்த்தபோது அழுதிருப்பானா. சீயக்காய் போட்டபோதா. நல்ல பிள்ளை தூங்குகிறான் என்று நினைத்தேனே, அப்போதா. முதல் செம்பிலிருந்தே அழுதானா. இது எனக்குத் தெரியவே போவதில்லை. அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும், அவனுக்குச் சொல்லத் தெரியாது.

தரையிலேயே உட்கார்ந்து பால் கொடுக்கிறேன். முதலில் பிடிக்க மாட்டேன் என்கிறான், முகத்தை முகத்தைத் திருப்புகிறான், கோபமா, இல்லை விக்கலில் முடியவில்லையா. பிறகு பிடித்தான். பிடித்த வேகத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையிலிருந்த துண்டு அவிழ்ந்து ஈரமுடி அவன் காலில் படுகிறது, ஒதுக்கிவிடக் கை இல்லை. ஒரு கை அவனுடைய காதைத் துடைக்கிறது, துடைத்த காதையே மறுபடி துடைக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. தொட்டிலிலிருந்து விழவில்லை, எதுவும் கடிக்கவில்லை, அழுதான், அவ்வளவுதான். அழாத பிள்ளை உண்டா. ஆனால் யாரும் வரவில்லையே என்று அவன் நினைத்திருப்பானா. நினைக்கிற வயதா. எனக்கு நினைக்கிற வயது, நான் நினைக்கிறேன். இதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. சுவிட்சைப் போட்டாயிற்று, பச்சை விளக்கு எரிகிறது. ஆசீர் வந்தால் நல்லா இருந்தான் என்று சொல்லிவிடலாம். மதினியிடம் சொன்னால் முடிந்தது கதை. அந்தப் பையில் மீதிச் சட்டைகளையும் வைத்துவிட்டு ராத்திரியே கிளம்பவேண்டியதுதான். சொல்லாமல் இருந்தால்? சொல்லாமல் இருந்தால் நாளைக்கும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க வேண்டிவரும். அப்புறம் நான் பயந்துகொண்டே இருப்பேன், மதினிக்கு, ஆசீருக்கு, இந்தப் பெட்டிக்கு. பயந்துகொண்டே ஒரு பிள்ளையைத் தூக்க முடியுமா. தூக்கினால் அதுவும் அவனுக்குத் தெரியும், தோலுக்குத் தெரிந்துவிடும். ஒரு பக்கம் குடித்து முடித்து அடுத்த பக்கம் மாற்றுகிறேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறான். இமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் முகத்தில் என்ன தேடுகிறானோ, அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வாசல் விளக்கு மின்னுகிறது. காலிங்பெல்லை ஆசீர் ஒரு பல்போடு இணைத்து வைத்திருக்கிறார், யாராவது அழுத்தினால் கூடமே மின்னும். சாயங்காலம் வருகிறேன் என்றவர் வெயிலிலேயே வந்துவிட்டார். மிஷினை மாட்டிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கிறேன். மதினி இரண்டு கையிலும் பைகளோடு நிற்கிறார். என்னை ஏறிட்டுப் பார்த்ததும் பைகளை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"கண்ணு ஏன் செவந்து கெடக்கு?"

"நான் குளிக்கப் போயிட்டேன் மதினி. இவன் அழுதிருக்கான். பெட்டியோட சுவிட்சை நானே அணைச்சிட்டேன். எனக்குத் தெரியல."

"எவ்வளவு நேரம்?"

"அதுவும் தெரியல."

மதினி பிள்ளையை வாங்கி, தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தார். விரல்களை விரித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி திரும்பிக்கொண்டார். நான் படிக்க வேண்டும் என்பதற்காக. இவரைப் போய் நான் எப்படி எதிர்ப்பது.

"இதுக்குத்தான் சொல்லுதேன் எப்சி. உன் மேல குத்தம் சொல்லல. நம்ம வீட்டுக்கு வந்துரு."

வார்த்தைகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்துவிட்டுப் பேசுகிற பழக்கம் எனக்கு, என் குரல் எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று தெரியாதே. இப்போது அடுக்கவில்லை. எது முதலில் வந்ததோ அதைச் சொன்னேன்.

"நான் வரல மதினி. எனக்கு நாளைக்கும் கேக்காது, அடுத்த வருஷமும் கேக்காது. அவனும் நானும் அதைப் பழகிக்கிடணும். அங்க வந்தா நீங்க எந்திரிப்பீங்க. அவன் உங்களை நெனைச்சுதான் அழுவான். நான் தூங்கிட்டு இருப்பேன்."

ரொம்பச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ரூபன் திடுக்கிட்டுக் கையை விரித்தான். மதினி அவனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே தரையைப் பார்த்தார். அந்த அறை ஞாபகம் வந்தது, மஞ்சள் திரை, புதுச் சுண்ணாம்பு, அதற்கு ஆள் பிடித்து, நின்று பார்த்து, எந்தத் திரை பிள்ளைக்குப் பிடிக்கும் என்று கடையில் புரட்டிப் புரட்டிப் பார்த்திருப்பார். வீட்டில் ஒரு சத்தம் வேண்டும் என்று அவருக்கும் இருந்திருக்கும். மதினி குனிந்தபடி ஏதோ சொன்னார், எனக்குத் தெரியவில்லை. என்ன சொன்னீங்க என்று கேட்டேன். நிமிர்ந்து, மறுபடி சொன்னார். "ஆசீர்ட்ட நான் பேசிக்கிடுதேன். ஞாயித்துக்கெழம வரை இருந்துட்டுப் போறேன். போயி முடியைத் துவட்டு, சளி புடிக்கும்."

நான் ஜன்னல் பக்கம் போய்த் துவட்டிக்கொண்டிருந்தேன். மதினி ரூபனை மடியில் மல்லாக்கப் போட்டு, கால்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று என் பக்கம் கையை வீசி வீசிக் கூப்பிட்டார். ஓடினேன். என்ன ஆயிற்று, மறுபடி அழுகிறானா. இல்லை. வாயைப் பாதி திறந்துகொண்டு என்னைப் பார்த்துக் கிடக்கிறான், தினமும் கிடக்கிற மாதிரிதான்.

"ங்கு சொல்லுதான்," என்றார் மதினி. எனக்குப் புரியவில்லை. விரலால் காற்றில் அந்த எழுத்தைப் போட்டுக் காட்டினார். "ங்கு. எம்புட்டு நாளா சொல்லுதான்?"

எனக்குத் தெரியாது. ம என்றால் உதடு ஒட்டும், வ என்றால் கீழுதட்டில் பல் படும். ங-வுக்கு உதட்டில் ஒரு வேலையும் இல்லை, அது எங்கேயோ தொண்டைப் பக்கம் பிறந்து அங்கேயே முடிந்துவிடுகிறது. என்னால் பார்க்க முடியாத எழுத்து. பால் குடித்து முடித்து, துணி மாற்றி, எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் அவன் இப்படித்தான் வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்த்துக் கிடப்பான். சும்மா பார்க்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன். நானும் சும்மா ஏதாவது பேசுவேன், சோறு பொங்கணும், துணி காயப்போடணும், உங்க அப்பா வர நேரமாகும் என்று. அவன் மறுபடி வாயைத் திறப்பான். அத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். ஆசீர் கேட்டிருப்பார், அது எனக்கும் தெரிந்ததுதான் என்று நினைத்திருப்பார்.

மதினி என் வலது கையைப் பிடித்து இழுத்து, இரண்டு விரலை ரூபனின் தொண்டையில் வைத்தார். மெத்தென்று, சூடாக, பால் மணக்கிற மடிப்பு. ஒன்றும் இல்லை. காத்திருந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், புருவத்தைத் தூக்கினான், எதையோ அவனே எக்கி எடுக்கிற மாதிரி வயிறு இறுகியது. விரலுக்கடியில் ஒரு சின்ன நடுக்கம் எழுந்து, கொஞ்ச தூரம் ஓடி, நின்றது.

மதினியைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்னப் பாத்துத்தான் சொல்லுதான். எங்கிட்ட சொல்ல மாட்டேங்கான்," என்றார்.

நான் குனிந்து, நான்காம் வகுப்புக்குப் பிறகு தனியாக ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்காத அந்த எழுத்தைத் தொண்டைக்குள் தேடி எடுத்து, ங்கு என்றேன். எப்படி வந்ததோ, எனக்குத் தெரியாது. ரூபன் கொஞ்சம் யோசித்தான். பிறகு என் விரலுக்கடியில் பதில் சொன்னான்.